வாலைப் பிடித்து எண்ணுகிறவர்

எண்ணத் தெரியாதவர்களால் உலகத்துக்குப் பெரிய ஆபத்து ஒன்றும் வந்துவிடாது. தெரிந்தவர் யாரையாவது கூப்பிட்டு எண்ணச் சொல்லிவிடுவார்கள். ஆபத்தெல்லாம் தாவி எண்ணுகிறவர்களால்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணுவது தங்கள் தகுதிக்குக் குறைவு என்று நினைக்கிற இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாடிப்படியை மூன்று மூன்றாக ஏறுவார். கூட்டத்துக்குப் போனால் முன்வரிசைத் தலைகளை மட்டும் ஒரு நோட்டம் விட்டு "நானூறு பேர்" என்று தீர்ப்புச் சொல்வார். மகளுக்கு என்ன வயது என்று யாராவது கேட்டால், பதினேழு முடிந்த பெண்ணை "பதினைஞ்சு, இருபது இருக்கும்" என்பார். பெற்றவருக்கே அவ்வளவுதான் கணக்கு!

நம்முடையவர் ஓர் அச்சகத்தில் கிடங்குப் பொறுப்பாளர். பரீட்சை விடைத்தாள்கள் அங்கேதான் அச்சாகின்றன. கட்டுக்கு நூற்றிருபத்தைந்து தாள். லாரியில் கட்டு ஏறும்போது அவர் பார்க்கமாட்டார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, கட்டு விழும் 'தொப்' சத்தத்துக்கு ஒரு எண் சொல்வார். நூற்றிருபத்தைந்து, இருநூற்றைம்பது, முந்நூற்று எழுபத்தைந்து, ஐந்நூறு, அறுநூற்று இருபத்தைந்து, எண்ணூற்று எழுபத்தைந்து, ஆயிரம். கடைசி மூன்று இலக்கம் வால், அதற்கு முன்னால் நிற்பது தலை. எட்டே வால்கள். எட்டு முடிந்ததும் அதே வால்கள் அதே வரிசையில் திரும்ப வரும். ஆயிரத்து நூற்றிருபத்தைந்து, ஆயிரத்து இருநூற்றைம்பது என்று லட்சம் வரை போனாலும் வால் மாறாது. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் தலையைப் பற்றிக் கவலைப்படுவதையே விட்டுவிட்டார்.

"வால் சரியா இருந்தா தலையும் சரியாத்தான் இருக்கும்" என்பது அவருடைய வேதவாக்கு.

அன்று காலை பன்னிரண்டாயிரம் தாள் போகவேண்டும். மறுநாள் பரீட்சை. ஏழாயிரத்து அறுநூற்று இருபத்தைந்தில் கைபேசி அடித்தது. மகள்.

"அப்பா, நாளைக்கு நீலப் பேனாவா, கருப்பா?"

"ரெண்டையும் எடுத்துட்டுப் போம்மா. தைரியமா எழுது."

பேசி முடித்தார். எங்கே விட்டோம்? வால் நன்றாக நினைவிருந்தது, அறுநூற்று இருபத்தைந்து. தலைதான் ஏழா, எட்டா? இதற்கெல்லாமா ஒருவர் மண்டையைக் குடைந்துகொள்வார்? அடுத்த 'தொப்'புக்கு "எட்டாயிரத்து எழுநூத்தி ஐம்பது" என்றார் கம்பீரமாக. வால் பிசகவே இல்லை. நடுவில் ஓர் ஆயிரம் மட்டும் காணாமல் போயிற்று.

கட்டுப் போடுகிற அக்கா ஒருத்தி அங்கே உண்டு. கட்டுக்கு ஒரு கோடு என்று கதவில் சாக்கட்டியால் இழுத்துக்கொண்டே இருப்பாள்.

"அண்ணே, என் கோடு எண்பத்தெட்டுதான் இருக்கு. தொண்ணூத்தாறு போகணுமே?"

"கடைசியா என்ன சொன்னேன்? பன்னெண்டாயிரம். வால்ல மூணு சைபர் விழுந்துச்சா, இல்லையா?"

"விழுந்துச்சு. ஆனா எட்டுக் கட்டு இங்கயே கிடக்கே!"

"கூடுதலா அடிச்சிருப்பாங்க. நீ கதவுல கிறுக்குறதை விட்டுட்டு வேலையைப் பாரு."

எட்டு! அந்த எண்ணாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டாமா? லாரி கிளம்பியது. அவர் அந்த எட்டுக் கட்டின் மேலேயே சௌகரியமாக உட்கார்ந்து டீ குடித்தார்.

மறுநாள் பத்தேகாலுக்குத் தொலைபேசி அலறியது. பட்டியலில் கடைசியாக இருந்த பள்ளிக்கு ஒரு தாள்கூடப் போய்ச் சேரவில்லை. ஆயிரம் பிள்ளைகள் கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பதில் எழுதத் தாளில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளியின் பெயரைக் கேட்டதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அது மகள் படிக்கிற பள்ளி.

கட்டுகளை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார். தோளில் ஒரு கட்டோடு வியர்க்க விறுவிறுக்க வாசலில் போய் நின்றபோது, கடைசி வரிசையில் மகள் இரண்டு பேனாவையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், படித்ததில் பாதி அந்த ஒன்றரை மணி நேரப் பதற்றத்திலேயே கரைந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டில் அவளாகத்தான் பேச்சை எடுத்தாள்.

"எங்க அறையில எல்லாரும் அந்தக் கிடங்குக்காரரைத் திட்டினாங்கப்பா. யாருன்னு நான் சொல்லலை. நானும் சேர்ந்து திட்டினேன்."

"ஒரு ஐம்பது பேர் இருப்பாங்களா?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"நாற்பத்தேழு. வேற வேலை இல்லையே, ஒவ்வொருத்தரா எண்ணினேன்."

அவர் அதை ஐம்பதாக்கவில்லை. மறுநாள் போகிற வழியில் ஒரு சாக்கட்டி வாங்கிக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் மேலே அந்த எட்டு வால்களும் வரிசையாக எழுதப்பட்டிருந்தனவே, ஒவ்வொன்றாகவா படித்தீர்கள்? நூற்றிருபத்தைந்து, இருநூற்றைம்பது என்று தொடங்கியதுமே "சரி, சரி, புரிகிறது" என்று ஆயிரத்துக்குத் தாவியிருப்பீர்கள். திரும்பப் போய் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஏழுதான் இருக்கும்.