வயிற்றின் மேல் சுடாத கோப்பை

விருத்தாசலத்தில் பழமலைநாதரைக் கும்பிடாமல் வாழ்ந்தவர்கள் உண்டு. ஜங்ஷன் ஊரிலேயே பிறந்து ரயில் ஏறாமல் செத்தவர்கள் உண்டு. ஆனால் உள்ளயிழு பாயின் கடையில் ஒரு தடவையாவது மல்லாந்து படுக்காமல் தப்பித்தவன் மட்டும் கிடையாது.

அவருடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியாது. கடைப் பலகையில் இருந்தது அவருடைய வாப்பா பேர். பார்க்கிறவர்களிடமெல்லாம் "உள்ள இழு, உள்ள இழு" என்று சொல்லிக்கொண்டே திரிந்ததால் அதுவே பேராகிவிட்டது. இழுக்கவேண்டியது தொப்புளை. மனுஷனுக்கு வருகிற எல்லாத் தொல்லையும் தொப்புள் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால்தான் வருகிறது என்பது அவருடைய முடிவு. அதை யாரிடம் சொல்லலாம், எங்கே சொல்லலாம் என்கிற விவஸ்தை அவருக்கு எள்ளளவும் கிடையாது.

புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஒருநாள் ஜங்ஷன் வாசலில் ஜீப்பை விட்டு இறங்கி, இடுப்பில் கையை ஊன்றி முகத்தைச் சுளித்தார். அவ்வளவுதான். பாய் தெருவைத் தாண்டி ஓடிவந்தார்.

"சார், ஒங்க தொப்பைய பெல்ட்டு தாங்குது. அந்தத் தொப்பை ஒங்க முதுக முன்னால இழுக்குது. தொப்புள உள்ள இழுங்க."

கான்ஸ்டபிள் லத்தியை ஓங்கிவிட்டார். ஆனால் அதற்குள் இன்ஸ்பெக்டர் இழுத்துவிட்டிருந்தார். முகச்சுளிப்பு கொஞ்சம் குறைந்தது. "யாருய்யா இவன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

தேரோட்டத்தன்று தெருமுனையில் நின்று எல்லோருக்கும் நீர்மோர் கொடுப்பார். கொடுத்துக்கொண்டே, வடம் பிடித்தவர்களைப் பார்த்து, "மொதல்ல தொப்புள இழுங்கப்பா, அப்புறம் தேர இழுக்கலாம்" என்பார். எங்கள் பீங்கான் பட்டறையில் கோப்பைக்கு வண்ணம் தீட்டுகிற தெய்வானையின் கல்யாணத்துக்கு வந்தார். தாலி கட்டக் குனிந்த மாப்பிள்ளையிடம் முன்வரிசையிலிருந்து, "அப்படிக் குனியாத மாப்ளே, காலத்துக்கும் நிமிர முடியாது" என்றார். அவர் இடுப்பைத்தான் சொன்னார். சபை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. இதைவிட மோசம், எங்கள் மேஸ்திரியின் அப்பா செத்தபோது நடந்தது. பாடையைத் தூக்க நாலு பேர் குனிந்தார்கள். எல்லோரும் அழுதுகொண்டிருந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்: "தூக்கறதுக்கு முன்னாடி உள்ள இழுங்க." நாலு பேரும் இழுத்தார்கள். மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டார். அந்தக் கோபம் அவருக்கு வருஷக்கணக்கில் ஆறவில்லை.

பாயின் கடை என்றால் பட்டறைகளில் கழித்த சாமான் விற்கிற கடை. மூக்கு கோணிய பொம்மை, மூடி சேராத ஊறுகாய் ஜாடி, காது வளைந்த கோப்பை. இரண்டு பக்கமும் ஜாடிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, நடுவில் ஒரு கோரைப் பாய் விரித்திருப்பார். புரண்டால் ஜாடி சரியும். அந்தப் பயத்திலேயே பாதி முதுகு நேராகிவிடும்.

இந்த வித்தையை அவர் ஊரில் கற்கவில்லை. சின்ன வயசில் கப்பலில் சமையல்கட்டு வேலைக்குப் போனவர், அரிசி மூட்டையோடு ஏணியில் சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்காரம்மா இவரைத் தரையில் படுக்கப்போட்டு, மாசக்கணக்கில் காலைத் தூக்கு, தலையைத் தூக்கு, மூச்சை விடு என்று வதைத்து நடக்கவைத்தாள்.

"அந்தம்மா அமெரிக்காவுல ஒரு ஜெர்மன்காரருகிட்ட கத்துக்கிட்டாங்களாம். அவரு பேருதான் இதுக்கும் பேரு. நம்ம நாக்குல அது நிக்காது, விடு" என்பார்.

ரொம்ப வருஷம் கழித்து டி.வி.யில் ஒரு பெண் பிலாட்டீஸ் என்று சொல்லிச் செய்து காட்டினாள். தொப்புளை முதுகெலும்போடு ஒட்டவேண்டும் என்றாள். நான் சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றுவிட்டேன்.

என் கதைக்கு வருகிறேன். எழுபதுகளின் தொடக்கம். நான் பட்டறையில் சூளை அடுக்குகிறவன். கோப்பைகளைச் சாகர் என்கிற கனத்த சுட்டமண் பெட்டிகளில் வைத்து, அந்தப் பெட்டிகளைச் சூளைக்குள் தூக்கிப்போய்த் தலைக்கு மேல் வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். முதுகு இருந்தால்தான் அந்த வேலை. எனக்கு முதுகு போய்விட்டது. ஒருநாள் குனிந்தவன் அரிவாள் மாதிரி அப்படியே நின்றேன். வைத்தியம் பார்த்து நிமிர்ந்தாலும் மாசத்துக்கு ஒருதடவை பிடித்துக்கொள்ளும். டாக்டர் நல்ல மனுஷர். மாத்திரை கொடுத்தார், பெல்ட் கொடுத்தார், வலி குறைந்ததும் உடம்பை அசைத்துப் பழக்கவேண்டும் என்றார். எனக்கு மாத்திரை புரிந்தது. மற்றது காதில் ஏறவில்லை.

மேஸ்திரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"இந்தா பாரு, அடுத்த பெரிய சூளை பொங்கல் கழிச்சு. நிமிந்து வந்து அடுக்குனா ஒன் எடம் ஒனக்கு. இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன். என்ன கோச்சுக்காத."

கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்வது? கம்மாபுரம் பக்கம் எங்களுக்கு இருந்த நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. திரும்பிப்போய் உழ ஒரு சால் மண் கிடையாது. சூளை போனால் எனக்குப் பிழைப்பு போச்சு. இந்த லட்சணத்தில்தான் ஜங்ஷன் பக்கம் நொண்டிக்கொண்டு போனவனை உள்ளயிழு பாய் பிடித்தார்.

"மாப்ளே, படு."

"யோவ் பாய், என் வாயக் கெளறாத. வேலைய பாத்துக்கினு போ."

"நின்னா வாய் பேசும். அதனாலதான் படுன்றேன்."

படுத்தேன். வலியில் மானம் ஏது? முழங்காலை மடக்கச் சொன்னார். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தொப்புளை உள்ளே இழுக்கச் சொன்னார். பிறகு மாடத்திலிருந்து ஒரு கோப்பையை எடுத்து என் அடிவயிற்றில் வைத்தார். சுடாத கோப்பை. எங்கள் பட்டறையில் காது ஒட்டும்போது கோணிப்போனால் திரும்பக் களிமண் தொட்டியிலேயே போட்டுவிடுவோம். அதைக் கேட்டு வாங்கிவைத்திருந்தார். சுடாத பீங்கான் அப்பளம் மாதிரி. விழுந்தால் தூள்.

"இப்ப ஒரு காலத் தூக்கு. கோப்பை ஆடக் கூடாது. வலிச்சா அங்கயே நிறுத்திடு, வீம்பு புடிக்காத."

தூக்கினேன். ஆடவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் சொன்னார்:

"ஒன் மாமனாரு போன வாரம் கடைக்கு வந்தாரு. ஒனக்குப் பொண்ணு குடுத்ததுக்கு அவள கெணத்துல தள்ளியிருக்கலாம்னாரு."

"எவன்யா சொன்னது" என்று நான் எகிறியதில் கோப்பை பறந்து ஜாடியில் மோதித் தூளாகிவிட்டது.

"சொன்னாரா அந்த ஆளு?"

"சொல்லல. சொன்னா என்னா பண்ணுவேன்னு பாத்தேன். ஒன் வயிறு வாய்க்கு வேலை செய்யுது, முதுகுக்குச் செய்யமாட்டேங்குது. இன்னொரு கோப்பை இருக்குது, படு."

அன்று முதல் தினமும் வேலை முடிந்து அங்கே போய்ப் படுத்தேன். கோப்பையை வைத்துவிட்டு ஆரம்பிப்பார். என் சட்டையைப் பற்றி, என் நடையைப் பற்றி, நான் ஓட்டுப்போட்ட கட்சியைப் பற்றி. பதில் சொல்லக் கூடாது, சொன்னால் கோப்பை கவிழும். நாக்கு துடிக்கும். மூச்சை விட்டு, தொப்புளை இழுத்து, மறு காலைத் தூக்குவேன். பிறகு தலையைத் தூக்கிக் கையிரண்டையும் தண்ணீரில் அடிக்கிற மாதிரி ஆட்டவேண்டும். கடைசியில் கோப்பையை எடுத்துவிட்டு, படுத்தவாக்கிலிருந்து மெதுவாக எழுந்து உட்காரச் சொல்வார்.

"பொத்துனு எழுந்திரிக்காத. பண்ருட்டி பலாவுல சொளை எடுக்கற மாதிரி, ஒவ்வொரு எலும்பா பாயிலேர்ந்து பிரிச்சு எடு."

நான் பிறந்ததிலிருந்து ஒரு ஆள் பேசுவதைக் குறுக்கே பேசாமல் கேட்டது அந்தக் கடையில்தான். அவர் திட்டுகிற திட்டில் பாதி உண்மையாக வேறு இருந்து தொலைத்தது.

காலையில் வீட்டிலும் செய்யச் சொல்லி ஒரு கோப்பை கொடுத்தனுப்பினார். அது பெரிய தப்பாகப் போய்விட்டது. என் மனைவி இரண்டு நாள் வேடிக்கை பார்த்தாள். மூன்றாம் நாள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஆடாதீங்க. ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

கல்யாணப் புடவை முதல் துவைப்பிலேயே சாயம் போனதிலிருந்து ஆரம்பித்தாள். என் அக்கா அவளைச் சொன்னது, அவள் தம்பி வந்தபோது நான் முகம் கொடுக்காதது, குழம்பில் உப்பு இல்லையென்று தட்டைத் தள்ளியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். நான் வயிற்றின் மேல் இருந்த கோப்பையைப் பார்த்தபடி மறு காலைத் தூக்கினேன். முடித்ததும் கோப்பையைப் பதவிசாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "வூட்டுக்கு இப்படி ஒரு சாமான் இத்தனை நாளா இல்லாம போச்சே" என்றாள். மறுநாள் நான் எழுந்திருக்கும் முன்பே பாய் விரித்திருந்தாள்.

மார்கழியில் ஒரு காலை. கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். சோப்பு கை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துத் தேய்த்தேன். கழுத்து வரைக்கும் தேய்த்த பிறகுதான், குனிந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. வலி இதோ வரப்போகிறது என்று உடம்பெல்லாம் நுரையோடு காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. சந்தேகத்தில் சோப்பை வேண்டுமென்றே கீழே போட்டு மறுபடி எடுத்தேன். அப்போதும் வரவில்லை. என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "சோப்பு கரையுதுங்க" என்றாள். சொன்னவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போனாள்.

பொங்கல் முடிந்து பெரிய சூளை வந்தது. மேஸ்திரி எனக்குப் பதிலாள் ஒருவனையும் கூட்டிவந்து வெளியே உட்காரவைத்திருந்தார். நான் அவனைப் பார்க்கவில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்தேன், மூச்சை விட்டேன், இழுத்தேன், தூக்கினேன். ஒன்று, அதன்மேல் இன்னொன்று. இடையில் கழிசாமான் எடுக்க உள்ளயிழு பாய் வந்தார். வந்தவர் சாமானை மறந்துவிட்டுச் சூளை வாயிலேயே நின்றார். அதிசயமாக அன்றைக்கு வாயே திறக்கவில்லை. நான் தூக்கும்போதெல்லாம் அவர் வயிறு உள்ளே போய்ப் போய் வந்தது.

சாயங்காலம் கடைசிப் பெட்டியைக் கூரையோரத்தில் ஏற்றிவைத்துவிட்டு வெளியே வந்து நிமிர்ந்து நின்றேன். மேஸ்திரி பதிலாளைப் பார்த்து, "நீ கெளம்புப்பா" என்றார்.

பாய்க்கு ஆனந்தம் தாங்கவில்லை. "எம் மாப்ளே நிமிந்துட்டான்டா" என்று ஊருக்கே கேட்கிறமாதிரி சிரித்துக்கொண்டே, எடுக்க வந்த கழிசாமான் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். சிரிக்கிற வயிறு உள்ளே போகுமா? தூக்கினவர் பாதியில் அப்படியே நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

"மாப்ளே, புடிச்சுக்கிச்சு" என்றார், சின்னக் குரலில்.

வைக்கோலைப் பரப்பி அவரை மல்லாத்தினோம். முழங்காலை மடக்கிவிட்டேன். யார் ஓடிப்போய்க் கொண்டுவந்தது என்று தெரியவில்லை, ஒரு சுடாத கோப்பை வந்தது. மேஸ்திரி அதை வாங்கி அவர் வயிற்றில் வைத்தார்.

"காலத் தூக்க வேணாம் பாய். மூச்சு மட்டும் விடு. கோப்பை ஆடக் கூடாது" என்றவர், துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார். "எங்கப்பன் சாவுல என்னா கத்து கத்துனே நீ? மனுசனாய்யா நீ?"

கோப்பை அசையவில்லை.

தெய்வானை வந்தாள். "எங்க வூட்டுக்காரரு தாலி கட்டும்போது நீங்க சொன்னத வச்சு எங்க மாமியா இன்னிக்கும் பேசுது பாய். நல்லா இருப்பீங்களா?"

அதற்கும் அசையவில்லை. மேலே பார்த்தபடி ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சூளை ஆட்கள் ஒவ்வொருத்தராக வந்து வருஷக்கணக்கில் வைத்திருந்ததைக் கொட்டினார்கள். கொட்டியவர்கள் யாரும் கலைந்து போகவில்லை. தெய்வானை மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்தாள். மேஸ்திரி தன் துண்டை மடித்து அவர் தலைக்குக் கீழே வைத்தார். நாலாம் நாளே அந்த ஆள் எழுந்து கடைவாசலில் நின்று, தெருவில் போன கல்யாண ஊர்வலத்தைத் திருத்திக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

அன்றைக்குக் கடைசியில் என் முறை வந்தது. அவர் என்னைச் சொன்னதற்கெல்லாம் பதில் என்னிடம் தயாராக இருந்தது. கோப்பை வயிற்றில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக யோசித்து, கூர் தீட்டி வைத்திருந்தேன். குனிந்தேன். அவர் கண்ணை மூடித் தொப்புளை இழுத்து, வாங்கிக்கொள்ளத் தயாரானார்.

"ரொம்ப வலிக்குதா பாய்?" என்றேன்.

அத்தனை திட்டுக்கும் ஆடாத வயிறு குலுங்கிவிட்டது. அவர் வயிற்றிலிருந்து விழுந்து உடைந்ததை நான் பார்த்த ஒரே கோப்பை அதுதான்.