வெடிக்கு முந்திய காது

“துப்பாக்கி வெடிக்கறதுக்கு முன்னாடியே என்ற காது அதைக் கேட்டுருமுங்க, காது கேக்கறதுக்கு முன்னாடியே காலு கெளம்பிரும்!”

மைதானத்தில் இதற்கு ஃபவுல் என்று பெயர். ஆனால் முன்னாள் ஓட்டக்காரர் என்னும் இனத்தைச் சேர்ந்தவரிடம் அதைச் சொல்லிவிட முடியுமா?

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்லூரியில் என்றோ ஒரு கோப்பையை வாங்கிவிட்டு, வயிறு முன்னால் வந்து, முடி பின்னால் போன பிறகும், நரம்பு மட்டும் அன்றைய முறுக்கிலேயே இருப்பதாக நம்புகிறவர். டீக்கடையில் கிளாஸ் சரிந்தால் பாய்ந்து பிடிப்பார். அந்தக் கிளாஸ் தப்பிவிடும், பக்கத்து மேசை டீ கவிழும். செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் ஆட்டோ ஹாரன் அடித்தால் ஒரே தாவலில் ஒதுங்குவார், ஆட்டோ வருகிற பக்கமாகவே. “பாத்தீங்களா, எப்படித் தாவுனேன்!” என்பார். பார்த்தோம். ஆட்டோக்காரரும் பார்த்தார், அவர் சொன்னதை அச்சிட இயலாது.

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகக் கடை வைத்திருக்கும் குருமூர்த்தி இவ்வினத்தின் மேலான மாதிரி. முதலில் நீங்கள் கேட்டது அவர் குரல்தான். ஓர் அறக்கட்டளை தன் விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க ராசிபுரத்தில் நூறு மீட்டர் ஓட்டம் வைத்தது. நேரம் பார்க்கிறவர்களில் ஒருவர் வரவில்லை. பந்தல் போட்டுத் தந்தவர் என்ற மரியாதைக்கு, ஸ்டாப் வாட்சைக் குருமூர்த்தி கையில் கொடுத்துவிட்டார்கள்.

அவர் நேரம் பார்க்க வேண்டியது வெண்ணந்தூர்த் தறிக்காரர் மகள் யாழினிக்கு. குறித்த நேரத்துக்குள் ஓடினால் விடுதியில் இடம். சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. இல்லையென்றால் அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

“அண்ணா, பொகையப் பாத்து அமுக்குங்க. சத்தத்துக்குக் காத்திருக்காதீங்க,” என்றார் விளையாட்டு ஆசிரியை ரஞ்சனி.

நியாயம்தானே? துப்பாக்கி இருப்பது அந்தக் கோடியில். புகை அப்போதே தெரிந்துவிடும். சத்தம் மைதானத்தைக் கடந்து வர வேண்டும்.

“அம்மணி, கண்ணு சோம்பேறிங்க. வெளிச்சத்தப் பாத்துக் கெளம்பறவனைச் சத்தங் கேட்டுக் கெளம்பறவன் முந்திருவான். ஆராய்ச்சியே சொல்லுது!”

சொல்லுகிறதுதான். ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவரைப் பற்றி எந்த ஆராய்ச்சியும் ஒன்றும் சொல்லவில்லை. குருமூர்த்தி தன் கொள்கையைப் பக்கத்தில் நின்ற நேரக்காப்பாளருக்கு விளக்கத் திரும்பினார். புகை வந்தது. சத்தம் வந்தது. காதிலும் விழுந்தது, ஆனால் வாய் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தது. பாதியில் விடலாமா? முடித்துவிட்டு அவர் பொத்தானை அமுக்கியபோது யாழினி பாதி தூரம் வந்துவிட்டாள்.

கடிகாரம் காட்டிய நேரத்துக்கு ஓட வேண்டுமானால் சிறுத்தையே கொஞ்சம் பயிற்சி எடுக்க வேண்டும்.

“புள்ள பறந்துருச்சுங்க!” என்று கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார்.

“பறந்தாத்தானுங்கண்ணா இந்த நேரம் வரும்,” என்றார் ரஞ்சனி.

நடுவர்கள் கூடினார்கள். முதல் ஓட்டம் செல்லாது. சற்று ஓய்வெடுத்துக்கொண்டு யாழினி மட்டும் மறுபடி ஓட வேண்டும். அவள் முட்டியைப் பிடித்துக் குனிந்து நின்றாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“மாமா, நான் கெளம்பறப்ப இந்தவாட்டி நீங்களுங் கெளம்புங்க.”

இந்தவாட்டி கடிகாரம் ரஞ்சனி கையில். குருமூர்த்தி, வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிக்னலில் பச்சை விழுமுன்பே முன்னால் நிற்பவருக்கு ஹாரன் அடித்தது யார்? வீட்டில் நாலு தடவை கூப்பிட்ட பிறகு “ஆங், என்ன?” என்று நிமிர்ந்து பார்த்தது யார்? நான் யாரையும் குறிப்பிடவில்லை.

புகை கிளம்பியது. யாழினி இருந்த மூச்சையெல்லாம் திரட்டி ஓடி வந்து கோட்டைத் தாண்டி விழுந்தாள். ரஞ்சனி கடிகாரத்தைப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். ஓடிப்போய் அவளைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார். மைதானமே கைதட்டியது. தட்டி ஓய்ந்து, பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கலையத் தொடங்கியது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாருக்கோ தன் பழைய ஓட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்த குருமூர்த்தி அப்போதுதான் திரும்பினார். கோட்டைப் பார்த்தார். பிறகு, தன்னந்தனியாக, பலமாகக் கைதட்டத் தொடங்கினார்.