நேர்ச்சை அவளுடையது, பத்தியம் என்னுடையது

அன்பு மச்சான் ஜெரால்டு அவர்களுக்கு, சேலத்திலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் மிக்கேல் எழுதிக்கொண்டது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே என் ஒருத்தனைத் தவிர எல்லாரும் சுகம். மோகனூரில் தாங்களும் அக்காவும் அவ்வாறே இருக்க செபிக்கிறேன். வாட்சப்பில் அனுப்பினால் உங்கள் தங்கை அக்சிலியா முதலில் படித்துவிடுவாள் என்பதால் இந்தக் கடிதம்.

நம்ம மகள் பிரின்சிக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்தால் கறி, மீன், முட்டையை ஆயுசுக்கும் தொடுவதில்லை என்று மூன்று வருஷம் முன்னால் உங்கள் தங்கை நேர்ந்துகொண்டது தாங்கள் அறிந்ததே. தான் இல்லைங்க, நான் தொடுவதில்லை என்று. "உங்க உசுரே கறியிலதான் இருக்குது. பெருசாக் குடுத்தாத்தானே பெருசாக் கேக்க முடியும்?" என்றாள். பிள்ளையும் ஜெர்மனி போய்ச் சேர்ந்தாள். இவள் மட்டும் வாரம் தவறாமல் மீன் வாங்கினாள். எனக்குத்தான் கால் மதமதன்னு ஆகிப்போச்சு. செபமாலை சொல்லும்போது உள்ளங்கால்ல ஊசி குத்துதுன்னேன், பக்தி ஏறுதுன்னா. பூசைக்குப் போனவன் ஒரு செருப்பு கழண்டது தெரியாமயே ஊடு வந்து சேர்ந்தேன். காணிக்கைத் தட்டைத் தூக்கிக்கிட்டு நடக்கையில தடுமாறி உபதேசியார் மேலயே உழுந்தேன், அந்த மனுசன் இன்னும் இடுப்பைப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்கறாரு. இவ தெனமும் முருங்கைக்கீரையா அரைச்சு ஊத்தறா. கடைசில டாக்டர் அனிதாகிட்டப் போனோம். ரத்தத்தைச் சோதிச்சுப்போட்டு, "பி12 சத்து ரொம்பக் கம்மிங்க. நரம்புக்கு அதுதான் முக்கியம். நீங்க சாப்பிடற சர்க்கரை மாத்திரை வேற அதைக் குறைக்கும். கீரையில இது கிடைக்காதுங்க. மீன், முட்டை, ஈரல், பால்ல இருக்குது. இப்படியே உட்டா நடையே போயிரும்"னாங்க. பால் எனக்கு வயித்துக்கு ஆகாது. ஈரல்னதும் கண்ணுல தண்ணி வந்துருச்சு மச்சான். உங்க தங்கச்சி கேக்கறா: "ஊசியாப் போட்டா நேர்ச்சை உடையாதுங்களே?" டாக்டரம்மாவும் ஊசியே போதும்னுட்டாங்க. அவ மொகத்துல எத்தனை சந்தோசம்!

ஆகவே மூத்தவராகிய தாங்கள் உடனே வந்து, இந்த நேர்ச்சையை வேறு எதாகவாவது மாற்றித் தரவேண்டும். மொட்டைக்கும் சம்மதம். அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசீரும்.

இப்படிக்கு,
கால் தரையில் படுவதே தெரியாத
மிக்கேல்

பி.கு.: மேலே கண்டதைக் கிழித்துவிடவும். தபால் போடப் போகையில் பங்குச் சாமியாரைப் பார்த்தேன். "நேந்தவங்கதான் கடைப்பிடிக்கணும், அடுத்தவங்க தலையில கட்டினா செல்லாது"ன்னு சிரிச்சாரு. துள்ளிக்கிட்டு வந்து சொன்னேன். அக்சிலியா நேரா மீன் கடைக்குப் போனா. விரால் வாங்கி வந்து கொழம்பு வெச்சு எனக்கு ஊத்திட்டு, தான் ரசத்தை ஊத்திக்கிட்டு எதுத்தாப்புல உக்காந்தா. "இனிமே பத்தியம் நான் இருந்துக்கறேனுங்க. நீங்க நல்லா நடக்கோணும், சாப்பிடுங்க"ன்னா. அவளை ரசத்தோட உக்கார வெச்சுட்டு நான் மட்டும் எப்படி மீன் திங்கறது மச்சான்? சட்டியோட பக்கத்து ஊட்டுக்குக் குடுத்தாச்சு. ஊசியே போட்டுக்கறேன். தாங்கள் வரவேண்டாம்.