தவக்காலத்து டொய்ங் டொய்ங்

"யாருங்க அது?" என்று மனைவி சகாயராணி கேட்டபோது அமல்தாஸின் காதில் செருகிய இயர்போனுக்குள் ஒரு தவளை விக்கிக்கொண்டிருந்தது.

தவளை என்பது அவராக நினைத்துக்கொண்டது. எங்கோ குளிர்தேசத்தில் ஒரு பெண், ஒயர் தொங்கும் பெட்டிகளைத் திருகித் திருகிச் செய்கிற மின்னிசை அது. ஒருநாள் பிரசங்கம் முடிந்ததும் செல்போன் தானாக அடுத்ததைப் போட்டது. அன்றைக்கு விழுந்தவர்தான். டொய்ங் என்றாலே மழையில் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாக மனசு துள்ளும்.

ஆனால் இது தவக்காலம். பிளஸ் டூ எழுதும் மகள் ஸ்டெஃபிக்காக, ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் பாட்டே கிடையாது என்று புருஷனும் பெண்டாட்டியும் மாதாவுக்கு நேர்ந்திருந்தார்கள். மகள் கெமிஸ்ட்ரியில் கோட்டைவிட்டால் பழி இந்தத் தவளைக்குத்தான்.

"ஜெபமாலை கேக்கறேன் ராணி."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஆண்டவருக்கு முள்முடி வெச்சு அடிக்கிறாங்க. நீங்க பல்லைக் காட்டிட்டு இருக்கீங்க!"

"அது... பல்வலி."

கிராம்பு எண்ணெயைக் கொண்டுவந்து அழுத்தித் தேய்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. அவள் பார்வை மட்டும் இளகவில்லை.

வீட்டில் வேண்டாமென்று பஸ்ஸில் கேட்டார். காரிமங்கலம் பஸ்ஸில் கண்டக்டர் அவர். தாளம் தலைக்கேறி விசிலையும் அதே மாதிரி ஊதிவிட்டார். பஸ் நின்றது, கிளம்பியது, மறுபடி நின்றது. சந்தைக்குப் போன கோழிக்கூடை ஒரு மடியிலிருந்து அடுத்த மடிக்குத் தாவியது.

"யோவ், போறதா நிக்கறதா? ஒண்ணைச் சொல்லுய்யா!" என்று கத்தினார் டிரைவர் முருகேஷ்.

சேதி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

"பஸ்லகூடச் சிரிப்பாமே. பேரு என்னா அவளுக்கு?"

"எவளும் இல்ல ராணி. அந்தோணியார் நவநாள் ஜெபம்."

"அப்ப ஒண்ணை என் காதுல வைங்க."

"சார்ஜ் இல்ல."

அதிலிருந்து, குளித்துவிட்டு வந்தால் செல்போன் வைத்த இடத்தில் இருப்பதில்லை. தொட்டால் சூடாக வேறு இருந்தது. துப்பறிகிறாள் என்று அமல்தாஸுக்குச் சோறு இறங்கவில்லை. இருபது வருஷம் ஒரே தட்டில் அன்பைப் பரிமாறியவள் இப்படிப் பார்க்கும்படி ஆயிற்றே!

சந்தேகத்தைக் கழுவ ஒரு வழி தோன்றியது. கோயில் வாசலில், அவள் காதில் விழும்படி, உபதேசியார் சவுரியப்பனிடம் சொன்னார்: "நாள் பூரா ஜெபமாலைதாங்கய்யா கேக்கறேன்."

உபதேசியார் உருகிப்போனார். அந்த வாரத்து ஜெபக்கூட்டத்தை அமல்தாஸ் வீட்டுக்கே மாற்றிவிட்டார். வரும்போது கோயில் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நீ கேக்கற ஜெபத்த எல்லாரும் கேக்கட்டும். போனைக் குடுப்பா."

அமல்தாஸ் வாயைத் திறப்பதற்குள் சகாயராணி பாய்ந்து போனைப் பிடித்தாள்.

"வேணாங்கய்யா! நாமளே வாயால சொல்லிக்கலாம்."

அமல்தாஸ் நெகிழ்ந்துபோனார். எல்லாம் தெரிந்தும் நாலு பேர் முன்னால் என் மானத்தைக் காக்கிறாளே!

"கூச்சப்படாதம்மா" என்று உபதேசியார் போனை வாங்கி ஸ்பீக்கரில் மாட்டி அழுத்தினார்.

டொய்ங். பிளுக். கிலுகிலுகிலு.

உருண்டுகொண்டிருந்த ஜெபமாலைகள் அப்படியே நின்றன. கெமிஸ்ட்ரி புத்தகத்தோடு ஸ்டெஃபி எட்டிப் பார்த்தாள். அமல்தாஸ் முழங்காலில் விழுந்தார்.

"மன்னிச்சிரு ராணி. நேர்ச்சைய நான்தான் மீறிட்டேன். மாதா என்னைத் தண்டிக்கட்டும், புள்ளைய விட்டுரட்டும்."

சகாயராணி குனிந்த தலை நிமிரவில்லை. அழுகிறாள் என்றே அவர் நினைத்தார்.

ஸ்பீக்கர் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் காசியம்மாள் ஈரக்கையோடு ஓடிவந்து வாசலில் நின்று, வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள்:

"என்னா ராணி, 'நேர்ச்சை எங்க வூட்டுக்குத்தான், உங்க வூட்டுக்கு இல்ல'ன்னு சொல்லிட்டு, தெனமும் அவரு குளிக்கிற நேரத்துல எங்க வூட்டுக்கு வந்துதான இதைப் போட்டு ஆடுவ, இன்னிக்கு இங்கயே ஆரம்பிச்சிட்டியா?"