காத்து மாஸ்ரர் விட்ட கடதாசி றொக்கற்

யாழ்ப்பாணத்திலை அந்தச் சண்டைக் காலத்திலை வானத்தை அண்ணாந்து பாத்துச் சந்தோசப்பட்ட ஒரே மனுசன் காத்து மாஸ்ரர்தான். நாங்கள் எல்லாரும் ஹெலிகொப்ரர்ச் சத்தம் கேட்டால் நிலத்துக்குள்ளை வெட்டின பங்கருக்கு ஓடுவம். அவர் முத்தத்துக்கு இறங்கி, "என்ன வடிவாய் எழும்புறான் பாரும் ஐசே!" எண்டு கையைத் தட்டுவார். சேட்டிலை பிடிச்சு இழுத்துத்தான் உள்ளை கொண்டுபோறது. அப்பிடி இழுத்ததிலை ரெண்டு சேட்டுக் கிழிஞ்சது.

அளவெட்டியிலை ரியூசன் குடுக்கிற ஒரு ரியூட்டறி. நாலு கிடுகுக் கொட்டில், ஒரு றோனியோ மெசின், பின்னாலை ஒரு பங்கர். அவர் அங்கை பௌதிகம் படிப்பிச்சார். எந்தக் கணக்கைத் தொடங்கினாலும் கடைசியிலை காத்திலைதான் வந்து நிப்பார், அதாலை அந்தப் பேர். நான் கிளாக்கர். றோனியோவிலை படியெடுக்க வினாத்தாளை ஸ்ரென்சில் தாளிலை கையாலை எழுதிறது என்ரை வேலை. என்ரை எழுத்து முத்து முத்தாய் இருக்கும். ஊரிலை செத்தவீட்டு நோட்டீஸ் எழுதவும் என்னைத்தான் தேடி வருவினம். மாஸ்ரரின்ரை எழுத்து கோழி கிண்டின மாதிரி. சில நாள் அவர் எழுதினதை அவருக்கே நான்தான் வாசிச்சுக் காட்டவேணும்.

இன்னொண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுறன். நான் சரியான பயந்தாங்கொள்ளி. சைக்கிள் ரியூப் வெடிச்சாலும் முதல் ஆளாய்ப் பங்கருக்குள்ளை நிக்கிறது நான்தான்.

ஒருநாள் வகுப்பிலை ஆரோ ஒரு கதிரையைத் தட்டி விழுத்திப்போட்டினம். 'டமார்!' நாப்பது பிள்ளையளும் வாங்குக்குக் கீழை. மாஸ்ரர் சோக்கும் கையுமாய்த் தனிய நிண்டார். நானும் அலுமாரிக்குப் பின்னாலை நிண்டபடியால், வெளியிலை வந்தாப்பிறகுதான் அவரின்ரை முகத்தைப் பாத்தன். கண் கலங்கியிருந்தது.

"மேலை போற எல்லாம் எங்கடை தலையிலை விழ வாறதில்லை ஐசே. இதுகள் அதை ஒருக்கால் எண்டாலும் கண்ணாலை காணவேணும். நான் றொக்கற் விடப்போறன்."

நான் வாசலாலை ஒருக்கால் எட்டிப் பாத்தன். "மாஸ்ரர், உந்தச் சொல்லை மெல்லமாய்ச் சொல்லுங்கோ! ரெண்டு தோட்டம் தள்ளிச் சந்தியிலை ஆமிக்காரர் காவல் நிக்கிற சென்றி!"

"கடதாசி றொக்கற் ஐசே. காத்திலை போறது. வெடிமருந்தும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை."

ரெண்டு முழத் தண்ணிக் குழாய் ஒண்டு எடுத்தார். ஒரு நுனியை அடைச்சு அதிலை சைக்கிள் வால்வு. மற்ற நுனியிலை தண்ணிப் பைப்புக்குப் பூட்டிற மாதிரி ஒரு திறப்பு, அதுக்கு மேலை மெல்லிய குழாய். பம்பாலை காத்தை அடிச்சு நிரப்பித் திறப்பைச் சட்டெண்டு திருப்பினால், உள்ளை இறுகிக் கிடந்த காத்து முழுக்க ஒரே மூச்சிலை வெளியிலை பாயும். அந்த மூச்சுத்தான் றொக்கற்றைத் தூக்கும். மெல்லிய குழாயைச் சுத்திக் கடதாசியை உருட்டி, கோதம்பமாப் பசை பூசி, கூர் மூக்கு வைச்சு, கீழை மூண்டு செட்டை. முதல் செய்தது குழாயோடை ஒட்டிப்போய் அசையேல்லை. ரெண்டாவது தொளதொளத்துப்போச்சு. "இறுக்கவும் கூடாது, தளரவிடவும் கூடாது ஐசே. சம்மந்தி வீட்டோடை பழகிற மாதிரி" எண்டார். மூண்டாவதுதான் சரிவந்தது.

எல்லாத்தையும் பூட்டிச் சரிச்சு வைச்சாப்பிறகு பாத்தன். ஆர் பாத்தாலும் ஷெல் அடிக்கிற குழாய் எண்டுதான் சொல்லுவினம்.

கடதாசிக்கு அப்ப சரியான தட்டுப்பாடு. அவர் என்ரை மேசையிலை கிடந்த பழைய வினாத்தாளை எடுத்துத்தான் உருட்டியிருக்கிறார். நான் கவனிக்கேல்லை.

பின்னேரம் மூண்டு மணி. பக்கத்து வீட்டிலை தவில் சாதகம் நடக்குது. பிள்ளையள் முத்தத்தைச் சுத்தி நிக்குதுகள். "அறுபது தரம் அடியும் ஐசே" எண்டார். சென்றிப் பக்கம் பாத்துப் பாத்து நான் பம்ப் அடிச்சன். "நாப்பத்தைஞ்சு பாகை. வேலிக்கு அங்காலை வெங்காயத் தறையிலை விழும், கணக்குப் பாத்திட்டன்" எண்டுபோட்டுத் திறப்பைத் திருப்பினார்.

'டொப்!'

மூண்டு செக்கன் இல்லை, முத்தம் வெறிச்சுப்போச்சு. நாப்பதும் பங்கருக்குள்ளை. தவிலும் நிண்டிட்டுது. எனக்கு ஓடக் கால் வரேல்லை, அதாலை பாத்தன். வெள்ளையாய் ஏறிச்சுது. தென்னை வட்டுக்கு மேலை வெயில் பட்டு மினுங்கிச்சுது. மேலை பாத்து நான் "ஐயோ" எண்டு சொல்லாத நாள் அது ஒண்டுதான்.

அதுவும் கொஞ்ச நேரம்தான். சோளகக் காத்து ஒரு தள்ளுத் தள்ளிச்சுது. றொக்கற் சாடையாய்த் திரும்பி, வெங்காயத் தறையைத் தாண்டி, அடுத்த தோட்டத்தையும் தாண்டி, நேரை சென்றிக்குள்ளை இறங்கிச்சுது. "ஐயோ!" எண்டன்.

பத்து நிமிசத்திலை ஆமி வந்திட்டுது. எட்டுப் பேர். அதிலை ஒருத்தனுக்குத் தமிழ் தெரியும். றொக்கற்றைக் கிழிச்சு விரிச்சுப்போட்டு உரத்து வாசிச்சான்.

"'பீரங்கி ஒன்றிலிருந்து குண்டு கிடையுடன் நாற்பத்தைந்து பாகையில், செக்கனுக்கு நூறு மீற்றர் வேகத்தில் சுடப்படுகிறது. அது விழும் தூரத்தைக் காண்க.' எங்க விழணும்னு கணக்குப் போட்டிருக்கீங்க?"

"அது பிள்ளையளுக்கு ஒரு கேள்வி ஐயா" எண்டார் மாஸ்ரர்.

"கேள்வியெல்லாம் நாங்க கேக்குறோம். இது யாரு எழுதுனது?"

முத்து முத்தாய் என்ரை எழுத்து. வாயைத் திறந்தன். வெறும் காத்துத்தான் வந்தது.

"நான்தான்" எண்டார் மாஸ்ரர்.

"எழுதிக் காட்டு."

எனக்கு உயிர் போட்டுது. கோழி கிண்டினதைக் கண்டால் அடுத்தது நான். மாஸ்ரர் சோக்கை எடுத்து, நாக்கை வெளியிலை நீட்டிக்கொண்டு, மெல்ல மெல்லப் பலகையிலை எழுதினார். என்ரை 'ழ'வின்ரை சுழி, என்ரை 'கு'வின்ரை வால், எல்லாம் அச்சொட்டாய். இந்த மனுசன் என்ரை எழுத்தை இவ்வளவு உன்னிச்சுப் பாத்திருக்கிறார் எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது. அவரையும் குழாயையும் ட்றக்கிலை ஏத்திக்கொண்டு போட்டாங்கள்.

அடுத்த ரெண்டு நாளும் இதுதான் என்ரை வேலை. 'எழுதினது நான்' எண்டு சொல்லிப்போட வேணும் எண்டு சந்திக்குப் போவன். சென்றி தெரிஞ்சதும் சைக்கிள் தன்பாட்டிலை திரும்பும். ஆறு தரம் போய் ஆறு தரமும் திரும்பி வந்தன்.

மூண்டாம் நாள் காலமை நடந்து வந்தார். கன்னம் வீங்கி, கண்ணாடியிலை ஒரு பக்கம் இல்லாமல். அங்கை ஆமிப் பெரியவன் ஒருத்தனுக்குப் பௌதிகம் தெரியுமாம், அந்தக் கணக்கைச் செய்விச்சுப் பாத்திட்டுத்தான் விட்டவனாம். என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். நல்லாய் ஏசட்டும் எண்டு தலையைக் குனிஞ்சுகொண்டு போனன்.

"ஐசே, 'காற்றின் தடையைப் புறக்கணிக்க' எண்ட வரியை ஸ்ரென்சிலிலை விட்டிட்டீர். அந்தப் பெரியவன் பிடிச்சிட்டான். எனக்குச் சரியான வெக்கமாய்ப் போச்சு."

அவ்வளவுதான். அதுக்குப் பிறகு அதைப்பற்றி அவர் ஒரு சொல் கதைக்கேல்லை. நானும் கதைக்கேல்லை, பயம்.

போன வரியம் மாஸ்ரர் போய்ச் சேந்திட்டார். செத்தவீட்டு நோட்டீசை நான்தான் எழுதினன். எழுத்து இப்பவும் முத்து முத்தாய்த்தான் வந்தது. அதிலை போட இடமில்லாத ஒரு வரியை இஞ்சை போடுறன்.

எழுதினது நான், மாஸ்ரர்.