பசித்தவர் குடியிருந்த அறை

ஊரில் எந்த வீட்டு அடுப்பு அணைந்தாலும் தன் வீட்டு அடுப்பு அணையக் கூடாது என்று முன்ஜாக்கிரதை ஒரு காலையில் தீர்மானம் செய்தார். அப்போது அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் மனைவியிடம் சொல்லவில்லை. நுரை போன பிறகும் சொல்லவில்லை. சொன்னால் அவள் சிரிப்பாள்.

முன்ஜாக்கிரதை என்பது காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். வெயில் காலத்தில் ஒரு குடையும் மழைக் காலத்தில் இரண்டு குடையும் கொண்டுவருகிறவரை வேறு எப்படி அழைப்பது? "நாளைக்கே வீடு தீப்பிடிக்கலாம் சார், நாளன்னைக்கே கால் ஒடியலாம் சார்" என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, ஊர் நம்பாமல், கடைசியில் அவரே நம்பிவிட்டார்.

ஆற்றுப் பாலத்தில் விரிசல் என்று காதில் விழுந்த அன்றே வாங்க ஆரம்பித்தார். அரிசி மூட்டை, சீனி மூட்டை, பருப்பு, மாவு, எண்ணெய். எல்லாம் சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குள் போயின. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலேயே கையை முன்னால் நீட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஒருநாள் பால் பவுடர் டின்களோடு வந்து நின்றார்.

முன்னறையில் தையல் மிஷினில் இருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் துணி தைப்பாள்.

"ஏங்க, நம்ம வீட்ல பால் பவுடர் குடிக்கிற வயசுல யாரு இருக்கா?"

"பல்லு கொட்டுற வயசு நமக்கு வராதா?"

"எல்லாம் தன்னால கொட்டணும்னு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அவள் மிஷினை மிதித்தாள்.

பாலம் விழுந்தது. லாரிகள் அக்கரையோடு நின்றுவிட்டன. முதலில் கடைகளில் வரிசை நின்றது. பிறகு வரிசையும் இல்லை. விளக்கு எரிகிற கடைக்குள் வெறும் அடுக்குகள் மட்டும் இருந்தன. கடைக்காரர் ஒன்றுமில்லாத தராசைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். காற்று வந்தால் ஒரு தட்டு மெதுவாகக் கீழே இறங்கும், யாரோ எதையோ வைத்ததுபோல. எலிகள்கூட எங்கோ போய்விட்டன. மதியத்தில் மின்சாரம் நின்றுவிடும். மேகம் மூடிய அந்த மதியங்களில் கீழ் வீட்டுக் கைக்குழந்தையின் அழுகை மட்டும் மேலேறி வரும். அழுது களைத்து அதுவும் நிற்கும். நின்ற பிறகுதான் அது இன்னும் பலமாகக் கேட்கும்.

கிண்ணங்கள் வர ஆரம்பித்தன.

"அக்கா, ஒரு கை சீனி."

"அக்கா, அரை ஆழாக்கு அரிசி. பாலம் கட்டினதும் தந்துடறேன்."

அவர் மனைவியோ கேட்டவர் கையைப் பார்த்துக் கொடுக்க மாட்டாள், முகத்தைப் பார்த்துக் கொடுப்பாள். முன்ஜாக்கிரதைக்கு ஒவ்வொரு கிண்ணமும் தன் உடம்பிலிருந்து கிள்ளி எடுத்ததுபோல் இருந்தது. கொடுக்காதே என்று சொல்ல தைரியம் இல்லை. தைரியம் இல்லாதவர்களுக்கென்று இருப்பதுதான் மூளை.

ஒருநாள் தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் நாலைந்து பேர் முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது அவர் பெருமூச்சு விட்டார். நன்றாகக் கேட்கும்படி.

"என்ன அண்ணா?" என்றாள் கீழ் வீட்டுப் பெண், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே.

"ஒண்ணுமில்லம்மா. அந்தச் சாமான் ரூம் இருக்கே… அதுல நாங்க எதுவும் வைக்கிறதில்ல."

"ஏன்?"

குரலைத் தாழ்த்தினார். "எங்களுக்கு முன்னாடி இங்க ஒருத்தர் இருந்தாராம். இதே மாதிரி ஒரு பஞ்ச காலம். அக்கம்பக்கத்துல யாரும் ஒரு வாய் சோறு கொடுக்கல. அந்த ரூம்லயே படுத்து, பசியிலயே போயிட்டாரு. அதுலேர்ந்து உள்ள எதை வெச்சாலும் காலையில இருக்கறதில்ல. மூட்டை இருக்கும், அரிசி இருக்காது."

மிஷின் நின்றது. மனைவி அவரையே பார்த்தாள். பிறகு மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

பெண்கள் போன பிறகு அவர் குறுகுறுவென்று சிரித்தார். "எப்படி? சும்மா அடிச்சு விட்டேன். இனிமே ஒரு கிண்ணம் வராது பாரு."

"நல்லா இருந்ததுங்க" என்றாள் அவள். "எனக்கே உடம்பு சிலிர்த்துடுச்சு."

கிண்ணங்கள் நின்றன. முன்ஜாக்கிரதை பல வருஷங்களுக்குப் பிறகு விசிலடித்தார்.

ஒரு மதியம், மாடியில் குடியிருந்த ஓய்வு பெற்ற தபால்காரர் படியிறங்கி வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னபோது தலையை ஆட்டி மறுத்தார். அவர் கண் சமையலறைப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

"தம்பி, அந்த மனுஷனைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"எந்த மனுஷன் ஐயா?"

"பசியில போனவர். நான் இந்தத் தெருவுக்குத் தபால் கொண்டுவந்த புதுசுல பார்த்திருக்கேன். ஒல்லியா இருப்பாரு. வலது காலைத் தரையில இழுத்து இழுத்து நடப்பாரு. நான் அதை யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

முன்ஜாக்கிரதையும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தான் கட்டிய பொய்யில் அவர் கால் எதையும் வைக்கவில்லை. இப்போது அதற்கு ஒரு கால் முளைத்திருந்தது.

அடுத்த நாள் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்தபோது கேட்டது. சர்ர்ர். நிறுத்தம். சர்ர்ர். சாமான் அறைப் பக்கம். எதையோ தரையோடு இழுக்கும் சத்தம். எழுந்து ஓடி வந்தார். மனைவி மிஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது சத்தம் கேட்டுதா?"

"உங்க குறட்டைதாங்க."

கதவைத் தள்ளினார். இருட்டு முகத்தில் ஈரத்துணிபோல் வந்து ஒட்டியது. தடவிப் பார்த்தார். சீனி மூட்டையின் வாய் தளர்ந்திருந்தது. மூட்டை இருந்தது. உள்ளே பாதி இல்லை.

திருடனுக்குத் தேள் கொட்டினால் என்ன செய்வான்? முன்ஜாக்கிரதையும் அதைத்தான் செய்தார். களவு போயிற்று என்று கத்தினால், 'எதுவும் வைக்கிறதில்லன்னீங்களே?' என்பார்கள். பேய் தின்றது என்று சொன்னால், அதை அவரே அல்லவா நம்ப வேண்டியிருக்கும்.

காப்பீட்டுக்காரர் என்றால் சாட்சி கேட்பார். மனைவி குளிக்கப் போன நேரத்தில் ஒரு டப்பா மாவைத் தரையெங்கும் தூவிவிட்டுக் கதவைச் சாத்தினார். மாவு தூவுகிறபோது நெஞ்சு வலித்தது, பேய்க்கு அல்ல, மாவுக்கு. மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

வெறுங்கால் பாதம் ஒன்று. அதன் பக்கத்தில் நீளமாக ஒரு இழுவைக் கோடு. மறுபடி அதே பாதம், மறுபடி கோடு. இன்னொரு பாதம் எங்குமே இல்லை.

குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பின்னால், இருட்டுக்குள்ளிருந்து, யாரோ இருமினார்கள்.

பயமுறுத்துகிற இருமல் இல்லை. வரிசையில் நிற்கிறவர், 'நானும் இங்கேதான் நிக்கிறேன்' என்று கடைக்காரருக்குத் தெரிவிக்கிற அடக்கமான இருமல். முன்னறையில் மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

முன்ஜாக்கிரதை வெளியே வந்து விழுந்தபோது அவர் கையில் டார்ச்சின் மூடி மட்டும் இருந்தது.

"என்னங்க, மூஞ்சியெல்லாம் மாவு?" என்று மனைவி ஓடி வந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னார். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஐயோ, சும்மா கிடந்தவரைக் கூப்பிட்டு வெச்சுட்டீங்களே!"

"இப்ப என்ன பண்றது?"

"அன்னைக்கே மாடி வீட்டு ஐயாகிட்ட கேட்டேன். பசியோட போனவரு சோறு இருக்கிற இடத்தை விட்டு நகர மாட்டாராம். ரூம் காலியானா அவரே போயிடுவாராம்."

"காலின்னா… எல்லாமா?"

உள்ளே ஏதோ ஒரு டின் தானாகக் கடகடத்தது.

"எல்லாம்தான்!" என்று அவரே சொல்லிவிட்டார்.

தங்கள் அடுப்புக்கு வேண்டியதைச் சமையலறை டப்பாக்களில் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை முன்ஜாக்கிரதை தன் தோளிலேயே சுமந்தார். பட்டப்பகலில், வீடு வீடாக. பார்த்துப் பார்த்துச் சேர்த்ததையெல்லாம் பார்க்காமல் கொடுத்தார், திரும்பிப் பார்க்கப் பயம். கீழ் வீட்டில் பால் பவுடர் டின்களை இறக்கியபோது அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அண்ணா, அந்த ரூம்ல எதுவும் வைக்கிறதில்லன்னு சொன்னீங்களே?"

"அது வந்தும்மா… சாப்பிட்டதையெல்லாம் அவரு திருப்பித் தந்துட்டாரு."

"நல்ல மனுஷன்!" என்றாள் அவள்.

சாயங்காலத்துக்குள் தெருவில் அடுப்புப் புகை எழுந்தது. கீழ் வீட்டில் அழுகை இல்லை. போகிறவர் வருகிறவரெல்லாம் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவருக்கு அதுவே இன்னும் பயமாக இருந்தது, செத்தவரைக் கும்பிடுவதுபோல.

அறை காலி. அதாவது, முக்கால்வாசிக்கும் மேல் காலி. மனிதன் எவ்வளவு பயந்தாலும் ஒரு எண்ணெய் டின் அளவுக்காவது தைரியம் மிச்சம் இருக்கும். உள்ளே பரண்மேல், பழைய பாய்க்குப் பின்னால் அதைத் தள்ளிவிட்டிருந்தார்.

விளக்கு வந்ததும் மனைவி அவர் எதிரில் உட்கார்ந்தாள். அடக்கி அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன?"

"நீங்க கட்டின பேய்க்கு நீங்களே பயந்தா எப்படிங்க?"

முன்ஜாக்கிரதைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. "அந்த இழுக்கிற சத்தம்?"

"சீனி மூட்டையை நான் தலையிலயா தூக்குவேன்? பின்கதவு வரைக்கும் இழுத்துப் போட்டு, வேணுங்கறதை அள்ளிட்டு மறுபடி இழுத்து வெச்சேன். தைச்ச துணி வாங்கிட்டுப் போனவங்க மூட்டை அவ்வளவு கனமா இருந்ததே, ஒருநாளாவது யோசிச்சீங்களா?"

"மாவுல ஒரே ஒரு பாதம்?"

"இன்னொண்ணு மூட்டை அழிச்சிருக்கும். இதுக்குப்போய் நல்ல மாவைக் கொட்டினீங்களே!"

"தபால்காரர்?"

"பாவம், வீட்ல ஒரு மணி அரிசி இல்ல. உங்க கதைக்கு ஒரு சாட்சி சொல்லுங்க ஐயான்னேன். கால் அவரா சேர்த்ததுதான்."

"டின் கடகடத்தது?"

"நீங்க விழுந்தடிச்சு ஓடி வந்ததுல சாஞ்சிருக்கும்."

முன்ஜாக்கிரதை எழுந்தார். அரிசி போயிற்று, சீனி போயிற்று, பல் விழும் காலத்துக்கு வைத்திருந்த பால் பவுடரும் போயிற்று. "நீ மனுஷியா? அந்த இருட்டுல, என் முதுகுக்குப் பின்னால நின்னு, அப்படி ஒரு இருமல் இருமினியே, என் உயிரே போயிருந்தா?"

மனைவியின் சிரிப்பு நின்றது.

"எந்த இருமல்?"

"மாவைப் பார்த்துக்கிட்டு இருந்தேனே, அப்ப."

"அப்ப நான் மிஷின்ல இருந்தேன். நீங்க வெளியே வந்து விழுந்ததும்தானே எழுந்து வந்தேன்?"

ஆமாம். மிஷின் ஓடியது. அவர் காதாலேயே கேட்டார். இருவரும் சாமான் அறைக் கதவைப் பார்த்தார்கள். அது ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அந்தப் பிளவில் இருட்டு நின்றது, யாரோ பொறுமையாக நிற்பதுபோல்.

பிறகு கதவிலிருந்து கண்ணை எடுத்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். கேட்டவர்கள் முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்கிறவள் அவள்.

"ஏங்க, அவரு இன்னும் போகலைன்னா… உள்ள இன்னும் என்னமோ மிச்சம் இருக்கு."

முன்ஜாக்கிரதை ஏணி எடுக்கப் போனார்.