ஒரு வேன் சாட்சி

தப்புக் கண்டுபிடிப்பவர் என்றொரு இனம் நம் பக்கத்தில் உண்டு, பார்த்திருப்பீர்கள். மடையைத் திறந்தது யார், வரப்பை வெட்டியது யார், கல்யாணப் பந்தியில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டது யார் என்று விசாரித்து, ஒரு ஆளைக் கைகாட்டும்வரை அவர்களுக்குச் சோறு இறங்காது. குடவாசல் தியாகராசன் அந்த இனத்தில் மூத்தவர். அவர் பைசல் பண்ணாத தகராறு ஊரில் இல்லை.

அவர் மகள் பூமிகாவுக்கும் மருமகன் வசந்தகுமாருக்கும் ஒத்துவரவில்லை. இருவரும் சேர்ந்தே விவாகரத்து மனுப் போட்டு, ஆறு மாதம் காத்திருந்தார்கள். இனி நீதிபதி முன்னால் நின்று இருவரும் சம்மதம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும்.

அந்தச் சம்மதம் சொல்லும் நாளில் தியாகராசன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வேன் பிடித்து ஏழு சாட்சிகளோடு கோர்ட்டில் வந்து இறங்கினார். தலைதீபாவளியில் மருமகன் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர், போனில் சத்தம் போட்டதைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டவர், எதையுமே பார்க்காவிட்டாலும் பார்த்தேன் என்று சொல்லக்கூடிய வைரக்கண்ணு.

வக்கீல் நஃபீசா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா, தப்பு யாருதுன்னு உள்ள யாரும் கேக்க மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் சம்மதமா, அவ்வளவுதான்."

"தப்பு இல்லாம எப்படிம்மா அத்துக்கிட்டுப் போவாங்க? எம்பொண்ணு மேல குத்தம் இல்லன்னு ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க. ஊருல நான் தலை நிமிந்து நடக்க வேணாமா?"

பூமிகா அவர் கையைப் பிடித்தாள். "அப்பா, நீங்க வாயத் திறந்தா அவரு மனசு மாறிடும். எனக்கு அந்த வரி வேணாம். இன்னையோட முடிஞ்சாப் போதும்."

தியாகராசன் பிறந்ததிலிருந்து மூடாத வாயை மகளுக்காக மூடிக்கொண்டார்.

ஐந்தே நிமிடம். இரண்டு சம்மதம். முடிந்தது.

வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் இன்னொரு வேன். பக்கத்தில் வசந்தகுமாரின் அப்பா உலகநாதன்.

"என்ன சம்பந்தி, நீங்களுமா?"

"ஒம்பது பேருங்க. ஒருத்தரையும் கூப்பிடல."

பதினாறு சாட்சிகளும் ஒரே கடையில் டீ குடித்தார்கள். தப்பு யார் மேல் என்று அங்கே ஒரு மணி நேரம் விசாரணை நடந்தது. பூமிகா வேனின் முன்சீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த மனிதரைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம், தாராளமாக. ஆனால் இவ்வளவும் படித்துவிட்டு, 'அதெல்லாம் சரி, அதுகள் ரெண்டும் ஏன்தான் பிரிந்ததாம்?' என்று உங்களுக்கு வாய்வரை வருகிறதே, அதை என்ன செய்யப் போகிறீர்கள்?